கல்லும் மணியும் (பகுதி 7): கூரை விழுந்த காலை

சென்ற வாரம் 1776 நவம்பர் 1ஆம் தேதியில் நிறுத்தியிருந்தோம். ஓராண்டுக்கு முன் அவசரமாக மண்ணில் புதைத்துவிட்டுப் போன மணிகளைத் தோண்டியெடுத்து, கலிபோர்னியாவின் ஏழாவது ஸ்பானிய மிஷனைப் பாதிரியார் ஹுனிபெரோ செர்ரா மறுபடி தொடங்கிவைத்தார். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலியத் துறவி ஒருவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்: சான் ஹுவான் காபிஸ்ட்ரானோ.

மணிகளைப் புதைக்க நேர்ந்த காரணம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 1775 நவம்பர் தொடக்கத்தில் ஓர் இரவு, தெற்கே சான் டியேகோ மிஷனைக் குமியாய் மக்கள் தாக்கித் தீ வைத்தார்கள். லூயிஸ் ஹாய்மே என்ற பாதிரியார் கொல்லப்பட்டார். அதே மிஷனில் அந்த இரவைத் தாண்டி உயிர் பிழைத்த பாதிரியாரின் பெயர் விசென்தே ஃபுஸ்தெர்.

அந்த ஃபுஸ்தெர்தான் பிற்காலத்தில் காபிஸ்ட்ரானோவுக்கு வந்து சேர்ந்தார். தீயில் எரிந்து சாம்பலான மிஷனைக் கண்ணால் பார்த்தவர், இங்கே எரியாத ஒரு கோயிலைக் கட்ட முனைந்தார். கல்லால் கட்ட முனைந்தார்.

இந்த வாரம் அந்தக் கல் கோயிலின் கதை. 9 ஆண்டுகளில் எழுந்து, 6 ஆண்டுகள் நின்று, ஒரு காலைப் பூசை முடிவதற்குள் விழுந்த கோயில் அது.

*

முதலில் ஆட்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கட்டடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆட்களைக் கடைசியில்தான் கொண்டுவருகிறார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கு அஹாச்செமென் மக்களுடையது. ஓக் மரத்தின் கொட்டையை இடித்து, தண்ணீரில் கசப்பை நீக்கிக் கஞ்சியாகக் காய்ச்சி உண்டவர்கள். கடலும் ஓடையும் மலையும் கொடுத்ததைப் பருவம் பார்த்து எடுத்து வாழ்ந்தவர்கள். ஸ்பானியர்கள் அவர்களுக்கு மிஷனின் பெயரையே ஒட்டவைத்து ‘ஹுவானென்யோ’ என்று அழைத்தார்கள்.

தண்ணீர் போதவில்லை என்று 1778இல் மிஷன் இப்போதைய இடத்துக்கு மாறியது. 1782இல் மண் செங்கல் அடுக்கி நீளமான, தாழ்வான ஒரு சிற்றாலயம் எழுப்பினார்கள். 1783இல் செர்ரா இங்கே வந்து உறுதிபூசுதல் கொடுத்தார். அவர் வழிபாடு நடத்திய கட்டடங்களில் இன்றும் நிற்பவை மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தச் சிற்றாலயம் போதாமல் போனது. 1796 வாக்கில் மிஷனைச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர்.

இந்த ஆயிரம் பேரும் மனமுவந்து வந்தவர்களா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. சிலர் புதிய தெய்வத்தின் ஈர்ப்பில் வந்தார்கள். சிலர் பாசிமணிக்கும் துணிக்கும் தானியத்துக்கும் வந்தார்கள். ஸ்பானியர்களின் மாடுகளும் குதிரைகளும் மேய்ந்து, விதை தரும் புல்வெளிகள் அழிந்த பிறகு, வேறு வழியில்லாமல் வந்தவர்கள் ஏராளம். வந்து ஞானஸ்நானம் பெற்றபின் ஒரு விஷயம் எல்லோருக்கும் பொது: நினைத்தபோது திரும்பிப் போக முடியாது. ஓடிப்போனவர்களைப் படைவீரர்கள் தேடிப் பிடித்து வந்தார்கள். சவுக்கடி கிடைத்தது. மணமாகாத பெண்களை இரவில் தனிக் கூடத்தில் வைத்துப் பூட்டினார்கள்.

கல் சுமக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லாதவர்கள் சுமந்த கல்லால் எழுந்த கோயில் இது. அதன் அழகைப் பற்றி இனி சொல்லப்போகும் எதையும் இந்த உண்மையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

*

1797 பிப்ரவரி 2. மூலைக்கல் நாட்டினார்கள்.

அன்றைய கலிபோர்னியாவில் கட்டடம் என்றால் மண். களிமண்ணோடு வைக்கோலைக் குழைத்து, மரச்சட்டத்தில் வார்த்து, வெயிலில் காயவைத்த செங்கல். மேலே மர உத்தரம், அதற்கு மேல் ஓடு. அந்த நிலத்துக்கு அது போதும். ஆனால் ஃபுஸ்தெரும் அவருடைய துணைப் பாதிரியாரும் மனத்தில் கண்டது மெக்ஸிகோ நகரங்களின் தேவாலயங்களை. கற்சுவர், கல் வளைவுகள், அவற்றின் மேல் வரிசையாகக் கும்மட்டங்கள்.

இப்படிக் கட்ட ஒரு தேர்ந்த கல் கொத்தனார் வேண்டும். அப்படி ஒருவர் உள்ளூரில் கிடையாது. 1799இல், மெக்ஸிகோவின் கூலியகான் ஊரிலிருந்து இசித்ரோ அகிலார் என்பவரை வரவழைத்தார்கள். இந்தக் கதையில் மிஷன் பாதிரியார்களுக்கும் அதிகாரிகளுக்கும் அப்பால் பெயரோடு நிற்கும் வேலைக்காரர் அவர் ஒருவர்தான்.

சிலுவை வடிவில் தரைத்திட்டம். நீளம் 180 அடி, அகலம் 40 அடி. கூரைக்கு ஆறு கும்மட்டங்கள். முன்வாசலில் ஒரு மணிக்கோபுரம். அதன் உயரம் 120 அடி என்றும், 10 மைலுக்கு அப்பாலிருந்து பார்த்தாலே தெரியும் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். உயரத்தில் கொஞ்சம் கூட்டிச் சொன்னார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆனால் ஒற்றைத் தள மண் வீடுகளை மட்டுமே பார்த்துப் பழகிய பள்ளத்தாக்கில் அந்தக் கோபுரம் எத்தனை மைலுக்குத் தெரிந்திருக்கும் என்பதை ஊகிக்க முடியும்.

மணற்கல் சில மைல் தள்ளியுள்ள குன்றுகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் கிடைத்தது. பெரிய கற்கள் மாட்டு வண்டியில் வந்தன. இரட்டைச் சக்கரம், இரும்புப் பட்டை இல்லாத மரச் சக்கரம், கிரீச்சிட்டுக்கொண்டே உருளும் வண்டி. அதில் ஏறாதவை சங்கிலியில் இழுபட்டு வந்தன. சிறியவை ஆட்களின் கையிலும் தோளிலும் வந்தன. ஆண்கள், பெண்கள், சிறுவர்கள் என ஆளுக்கொரு கல்லாகச் சுமந்து வரிசையாக நடந்தார்கள் என்று ஊர்க்கதை இன்றும் சொல்கிறது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டு, இடித்து, மணலோடு கலந்து காரை ஆக்கினார்கள். காரைக் கட்டு அவசரப்பட்டால் இறுகாது. வரிசைக்கு வரிசை காத்திருந்து ஏற்றவேண்டிய சுவர்.

மூன்றாண்டு இப்படி ஓடியது.

1800 அக்டோபரில் ஃபுஸ்தெர் இறந்தார். கல் கோயில் அப்போது அரைச் சுவராகத்தான் இருந்தது. அடுத்த மாதமே, நவம்பர் 22ஆம் தேதி, பூமி அதிர்ந்தது. எழும்பிக்கொண்டிருந்த சுவர்கள் விரிசல் கண்டன.

அது ஓர் எச்சரிக்கை. விரிசலை அடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

*

1803இல் இசித்ரோ அகிலார் இறந்தார்.

இந்தக் கதையின் திருப்பம் நிலநடுக்கத்தில் இல்லை, இந்த மரணத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். கற்சுவரை யாரும் பார்த்துப் பழகி எழுப்பிவிடலாம். கும்மட்டம் அப்படியல்ல. கல்லால் ஆன கும்மட்டம் தன் பாரத்தைக் கீழே இறக்குவதோடு நிற்காது, சுவரை வெளிப்பக்கமாகவும் ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும். சுவரின் கனம், வளைவின் உயரம், சாரத்தைப் பிரிக்கும் நாள் எல்லாம் கணக்கு. அந்தக் கணக்கு அகிலாரின் கையிலும் கண்ணிலும் இருந்தது. அவரோடு அது போய்விட்டது.

வேலை நிற்கவில்லை. பாதிரியார்களும், அகிலாரிடம் நான்கு ஆண்டு கல் செதுக்கிப் பழகிய அஹாச்செமென் ஆட்களும் மிச்சத்தைக் கட்டினார்கள். அவர் வரைந்த கோட்டையே பிடித்துப் போக முயன்றார்கள். ஆனால் சுவர்கள் ஒரே சீராக வரவில்லை. அளவு பிசகியதால், ஆறு கும்மட்டத்தோடு முடியவேண்டிய கூரைக்கு ஏழாவதாக ஒன்றைச் சேர்க்கவேண்டி வந்தது.

அந்த ஏழாவது கும்மட்டத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தத் தொழிலாளர்கள் மேல் மரியாதைதான் கூடியது. ஆசான் இல்லை, வரைபடம் முழுமையாக இல்லை. இருந்தும் ஏழு கும்மட்டங்களை மேலேற்றிப் பூட்டி முடித்தார்கள். வளைவு கற்களை முகம் பார்த்துச் செதுக்கிப் பொருத்தினார்கள். பீடத்தின் பின்சுவரில் புனிதர்களின் சிலைகளுக்கு மாடங்கள் அமைத்தார்கள். தரைக்கு வைர வடிவ ஓடு பதித்தார்கள். இதையெல்லாம் செய்தவர்களின் தாத்தாக்கள் நாணலால் குடிசை வேய்ந்தவர்கள்.

1806 செப்டம்பர் 7 மாலை, மிஷன்களின் தலைவரான எஸ்தெவான் தாபிஸ் கோயிலை மந்திரித்தார். மறுநாள், மாதா பிறந்தநாளில், முதல் பெரிய பூசை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்குத் தெரிந்த அதே செப்டம்பர் 8. அதற்கு அடுத்த நாள், பழைய கோயிலில் அடக்கம் செய்திருந்த ஃபுஸ்தெரின் எலும்புகளை எடுத்துவந்து புதிய கோயிலின் பீடத்தருகே புதைத்தார்கள். கலிபோர்னியாவின் மிஷன் சங்கிலியில் இதற்கு ஈடான கோயில் அன்று வேறில்லை.

*

1812ஆம் ஆண்டு நல்லபடியாகத் தொடங்கவில்லை. புயலும் வெள்ளமும் மிஷனின் கட்டடங்களைச் சேதப்படுத்தின, விளைச்சலைக் கெடுத்தன. இருந்தாலும் மிஷனின் ஆள்தொகை அந்த ஆண்டில்தான் உச்சத்தைத் தொட்டது: 1,361.

டிசம்பர் 8. அமலோற்பவ மாதா திருநாள்.

அது ஞாயிற்றுக்கிழமை என்று பல நூல்கள் எழுதுகின்றன. நாள்காட்டியைக் கணக்கிட்டுப் பார்த்தால் செவ்வாய்க்கிழமை வருகிறது. கிழமை எதுவானாலும் அன்று கடன் திருநாள். வேலை கிடையாது, பூசை உண்டு.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. முதல் பூசைக்கு வந்தவர்கள் உள்ளே இருந்தார்கள். இரண்டாம் பூசைக்கு வருவோர் இன்னும் கிளம்பவில்லை. பெரிய திருநாளில் கூட்டமெல்லாம் இரண்டாம் பூசைக்குத்தான் வரும். அந்த நேரக் கணக்கு ஒன்றுதான் அன்று நூற்றுக்கணக்கானவர்களைக் காத்தது. மணிக்கோபுரத்தில் சிறுவர்கள் இருவர் கயிற்றைப் பிடித்து மணியடித்துக்கொண்டிருந்தார்கள்.

தரை அசைந்தது.

பாதிரியார்களின் குறிப்பில் இருப்பது சில வரிகள்தான். கோபுரம் இருமுறை ஆடியது. இரண்டாவது ஆட்டத்தில் வாசல் பக்கமாகச் சரிந்து விழுந்தது. முகப்பு அதோடு போனது. வாசலிலிருந்து குறுக்குக் கூடம் வரைக்கும் கூரை இடிந்து உள்ளே இறங்கியது.

கும்மட்டங்கள் வரிசையாக ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒரு முனையில் பிடி விட்டால் அடுத்தது தனியே நிற்காது. வாசல் முனையில் கோபுரம் விழுந்ததும் முதல் கும்மட்டம் போயிற்று. பிறகு அடுத்தது. அதற்குப் பிறகு அடுத்தது.

உள்ளே இருந்தவர்கள் வாசலை நோக்கி ஓடினார்கள். யாரும் அப்படித்தான் ஓடுவார்கள். சட்டம் திருகிக்கொண்டதால் கதவு திறக்கவில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். கதவு திறந்திருந்தாலும், அவர்கள் ஓடிய திசையில்தான் கோபுரம் விழுந்தது. பீடத்தில் நின்ற பாதிரியார் பக்கத்திலிருந்த திருவுடை அறை வழியாக வெளியேறித் தப்பினார். பீடத்தருகே இருந்த சிலரும் தப்பினார்கள்.

பீடத்தின் மேலிருந்த கூரை விழவில்லை. வாசலை விட்டுப் பீடத்தை நோக்கி ஓடியிருந்தால் பிழைத்திருப்பார்கள். பூமி ஆடும்போது அதை யார் அறிவார்?

40 பேர் இறந்தார்கள். எல்லோரும் அஹாச்செமென் மக்கள். மணியடித்த சிறுவர்கள் இருவரும் மாண்டார்கள். கற்களை அகற்றி உடல்களை எடுக்க நாள் கணக்கில் ஆயிற்று. மிஷனின் அடக்கப் பதிவேட்டில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஹுவான், மரியா, ஹோசே என்று எல்லாம் ஞானஸ்நானப் பெயர்கள்.

இடிபாட்டைத் தோண்டியவர்கள் யார்? 15 ஆண்டுகளுக்கு முன் அதே கற்களைச் சுமந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான்.

*

அதே காலையில் வடக்கே சான் கப்ரியேல் மிஷனின் மணிக்கோபுரமும் விழுந்தது. டிசம்பர் 21ஆம் தேதி சாந்தா பார்பரா பக்கம் இன்னொரு பெரும் நிலநடுக்கம் வந்து லா பூரிசிமா மிஷனைத் தரைமட்டமாக்கியது. அந்த ஆண்டையே ‘நடுக்கங்களின் ஆண்டு’ என்று கலிபோர்னியாவின் ஸ்பானியர்கள் நினைவில் வைத்திருந்தார்கள்.

காபிஸ்ட்ரானோவின் பெயரைத் தாங்கியிருந்தாலும், டிசம்பர் 8ஆம் தேதி நடுக்கம் காபிஸ்ட்ரானோவில் பிறக்கவில்லை. இது தெரிய வந்தது 1980களில்தான். ஊருக்கு வடக்கே 90 கிலோமீட்டருக்கு மேல், சான் கப்ரியேல் மலைத்தொடரின் பின்புறம் ரைட்வுட் என்ற மலையூர் இருக்கிறது. சான் ஆண்ட்ரியாஸ் பிளவு அதை ஒட்டி ஓடுகிறது. பிளவின் மேலேயே நின்ற பழைய பைன் மரங்களைத் துளைத்து, அவற்றின் வளர்ச்சி வளையங்களை ஆராய்ச்சியாளர்கள் எண்ணினார்கள். 1812 வரை வளையங்கள் இயல்பாக இருந்தன. 1813லிருந்து பல மரங்களில் அவை திடீரென நூலிழையாகச் சுருங்கிப்போயின. வேர் அறுந்த, உச்சி முறிந்த மரங்கள் அப்படித்தான் வளரும். 1812இன் வளர்ச்சிப் பருவம் முடிந்து அடுத்த பருவம் தொடங்குவதற்குள் பிளவு அசைந்திருக்கிறது என்பது அதிலிருந்து கிடைத்த முடிவு. 1988இல் அந்த ஆய்வு வெளியானது. நடுக்கத்தின் அளவு 7.5 வாக்கில் இருந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள்.

மலைக்கு அப்பால் இருந்த மரங்கள், ஒரு பதிவேட்டின் தேதிக்குச் சாட்சி சொல்லியிருக்கின்றன.

இங்கே இன்னொன்று கவனிக்கத்தக்கது. தொலைவில் பிறக்கும் பெரிய நடுக்கத்தின் அலைகள் வந்து சேரும்போது வேகமாக உதறுவதில்லை, மெதுவாக, நீளமாக ஆட்டுகின்றன. அந்த ஆட்டம் தாழ்ந்த கட்டடத்தைவிட உயர்ந்த கட்டடத்துக்கே ஆகாது. சிற்றாலயத்துக்கு உயரம் குறைவு, சுவர் தடிப்பு அதிகம், கூரை மரத்தால் ஆனது. பெரிய கோயிலுக்கு எல்லாம் நேர்மாறு. டன் கணக்கில் கல்லைத் தலையில் தாங்கி நின்ற சுவர்கள், ஏற்கெனவே சீரில்லாத சுவர்கள், அந்த ஆட்டத்தைத் தாங்கவில்லை.

சிற்றாலயம் நின்றது.

*

இதைப் புரிந்துகொள்ள அந்த ஊரின் மையத்தில் ஒரு முறை நடந்து பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. லாஸ் ஏஞ்சலிஸுக்கும் சான் டியேகோவுக்கும் இடையே ஓடும் ரயில் ஊரின் நடுவிலேயே நிற்கும். 1894இல் கட்டிய நிலையம். வளைவும் ஓடுமாக, மிஷனைப் பார்த்துக் கட்டிய பாணி. இறங்கியதும் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு காலம், அந்தப் பக்கம் ஒரு காலம்.

மேற்கே லாஸ் ரியோஸ் தெரு. 1794இல் மிஷனைச் சேர்ந்த குடும்பங்களுக்காக இங்கே நாற்பது மண் வீடுகள் கட்டப்பட்டன. இன்று மூன்று எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ரியோஸ் குடும்பத்தின் வீட்டில் அதே குடும்பத்தின் வாரிசுகள் இன்றும் வாழ்கிறார்கள். கலிபோர்னியாவில் இடைவெளி இல்லாமல் மக்கள் குடியிருந்துவரும் பகுதிகளில் இதுவே மிகப் பழையது என்பது ஊரின் பெருமை. தாழ்வாரம் குனிந்து நுழையும் உயரத்தில் இருக்கும். சுற்றிலும் மிளகு மரமும் கள்ளிச் செடியும். பக்கத்து வீடுகள் தேநீர்க் கடைகளாகவும் நாற்றுப் பண்ணையாகவும் மாறிவிட்டன. 1812 டிசம்பர் காலையில் ஆடி, பிறகு நின்ற மண் சுவர் அது என்பதைத் தெருவில் போகிறவர்களில் பலர் அறிவதில்லை.

தண்டவாளத்துக்குக் கிழக்கே காமினோ காபிஸ்ட்ரானோ என்ற முதன்மைத் தெரு. மிஷன்களை இணைத்த பழைய அரச பாதையின் தடம். உணவகங்கள், நகைக் கடைகள், சுற்றுலாப் பேருந்துகள். அதை வந்து வெட்டும் நெடுஞ்சாலைக்கு ஒர்தேகா என்று பெயர். சென்ற வாரம் மணிகளைப் புதைத்துவிட்டு சான் டியேகோவுக்குக் குதிரையில் பாய்ந்து போன அதே படைத் தலைவர். இரண்டும் சந்திக்கும் முனையில் மிஷனின் வாசல்.

உள்ளே நுழைந்தால் வலப்பக்கம் அந்த இடிபாடு. கூடம் இருந்த இடத்தில் வானம். அதன் கோடியில் பீடத்தின் பின்சுவர் முழு உயரத்தில் நிற்கிறது. மாடங்கள் இருக்கின்றன, சிலைகள் இல்லை. கிட்டே போனால் சுவரின் உட்புறம் தெரியும். வெளி முகங்களில் செதுக்கிய மணற்கல்லும் நடுவே ஒழுங்கற்ற துண்டுகளும் காரையும். அந்தக் காரையில் பல இடங்களில் விரல் வைத்தால் மணல் உதிரும். இதைத் தாங்கிப் பிடிக்கப் பல ஆண்டுகள் சாரம் கட்டிப் பாதுகாப்பு வேலை செய்தார்கள். சுவரின் வளைவுகளில் மண் கூடு கட்டி, மார்ச் 19ஆம் தேதி சூசையப்பர் திருநாளில் திரும்பி வருவதாகப் புகழ்பெற்ற தகைவிலான் குருவிகள், அந்த வேலையின்போது கூடுகள் அகற்றப்பட்ட பின் வேறு இடம் தேடிப் போய்விட்டன. குருவிகளின் கதை பெரியது. தனியாக ஒரு வாரம் வேண்டும்.

மணிகளைச் சொல்லாமல் நகர முடியாது. கோபுரத்திலிருந்த நான்கு மணிகளும் இடிபாட்டிலிருந்து கிடைத்தன. 1813இல் கோயிலுக்கும் சிற்றாலயத்துக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பி, அதில் வளைவு வைத்து அவற்றைத் தொங்கவிட்டார்கள். பெரிய மணிகள் இரண்டும் 1796இல் வார்த்தவை. விழுந்ததில் அவை விரிசல் கண்டிருந்தன. அடித்தால் நாதம் எழாமல் ஓட்டைக் குடம்போல ஒலிக்கும். அப்படியே 187 ஆண்டுகள் அடித்தார்கள். 2000இல்தான் அவற்றின் அச்சில் புதிய மணிகளை வார்த்துச் சுவரில் ஏற்றினார்கள். பழைய இரண்டும் கோபுரம் நின்ற அதே இடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன.

கொஞ்ச தூரத்தில் 1986இல் எழுந்த புதிய தேவாலயம். இடிந்த கோயிலை முன்மாதிரியாகக் கொண்டு கட்டியது. அந்த இடிபாட்டையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்தால், 1806இல் அந்தப் பள்ளத்தாக்கு எதைக் கண்டது என்பது ஓரளவு விளங்கும்.

*

1812இல் இடிந்ததை 1813இல் ஏன் திரும்பக் கட்டவில்லை?

ஆட்கள் இருந்தார்கள். கல் அங்கேயே கிடந்தது. லா பூரிசிமா மிஷனை வேறு இடத்தில் புதிதாகக் கட்டினார்கள். சாந்தா பார்பராவில் 1820இல் கல் கோயிலே எழுந்தது. காபிஸ்ட்ரானோவில் மட்டும் இடிபாட்டை ஒதுக்கிவிட்டு, பழைய மண் சிற்றாலயத்துக்கே திரும்பிப் போனார்கள்.

இன்னோர் அகிலார் கிடைக்கவில்லை என்பது ஒரு காரணம். 40 பேரைக் கொன்ற கூரையின் கீழ் மீண்டும் நிற்க யாருக்கும் மனம் வந்திருக்காது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பெரிய காரணம் கடலுக்கு அப்பால் இருந்தது.

1808இல் நெப்போலியன் ஸ்பெயினைப் பிடித்தான். அரசன் ஏழாம் ஃபெர்னாண்டோ பிரான்சில் சிறைக்காவலில். 1810 செப்டம்பரில் மெக்ஸிகோவில் இடால்கோ என்ற பாதிரியார் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சிக் கொடியைத் தூக்கினார். சான் பிளாஸ் துறைமுகத்திலிருந்து கலிபோர்னியாவுக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த சரக்குக் கப்பல்கள் நின்றுபோயின. இரும்பு, துணி, கருவி எதுவும் இல்லை. கோட்டைப் படைவீரர்களுக்குச் சம்பளம் இல்லை.

அவர்களுக்குச் சோறு போட்டது யார்? மிஷன்கள். மிஷன்களில் உழுது விதைத்தது யார்? கல் சுமந்த அதே மக்கள். இப்போது அவர்கள் தங்களையும் பாதிரியார்களையும் காப்பாற்றி, தங்களைக் காவல் காக்கும் படையையும் உண்ணவைக்க வேண்டியதாயிற்று. கோதுமை, சோளம், மாட்டுத்தோல், கொழுப்பு என்று எல்லாம் கணக்குப் பார்த்து எடுத்துக்கொள்ளப்பட்டன. சம்பளத்துக்குப் பதில் படையினருக்குக் கொடுத்த சரக்குக்கு அரசு எழுதித் தந்த கடன் சீட்டுகள் காகிதமாகவே தங்கின. புதிய கோயிலுக்கு அங்கே இடமில்லை.

1814இல் ஹெரோனிமோ போஸ்கானா என்ற பாதிரியார் இந்த மிஷனுக்கு வந்தார். இடிபாட்டைத் தினமும் கடந்து போனவர், அதைக் கட்டிய மக்களிடம் உட்கார்ந்து அவர்களுடைய தெய்வத்தையும் சடங்குகளையும் கேட்டு எழுதிக்கொண்டார். தவறான நம்பிக்கை என்ற முடிவோடுதான் எழுதினார். ஆனாலும் எழுதினார். ஞானஸ்நானப் பெயர்களுக்கு அடியில் இன்னொரு உலகம் கலையாமல் இருந்ததை அந்த ஏடுகள் காட்டுகின்றன. மூன்றாம் தலைமுறையாக மணிச் சத்தத்துக்கு எழுந்து, வேலைக்குப் போய், மணிச் சத்தத்துக்குப் படுத்தவர்கள் தங்கள் சின்னிக்சினிச் தெய்வத்தை மறந்துவிடவில்லை.

இப்படி ஆறு ஆண்டுகள் போயின.

*

1818இன் இறுதியில் வடக்கிலிருந்து ஒரு செய்தி மிஷன் மிஷனாகப் பரவி வந்தது. கலிபோர்னியாவின் தலைநகரான மோன்டரே எரிந்துவிட்டது. ஆயுதம் ஏந்திய இரண்டு கப்பல்கள் கடலோரமாகத் தெற்கே வந்துகொண்டிருக்கின்றன. வழியில் ஒர்தேகா குடும்பத்தின் பண்ணைக்கும் தீ வைத்தாகிவிட்டது.

கப்பல்களின் தலைவன் இபோலித் புஷார். பிரான்சில் பிறந்தவன். ஸ்பெயினிடமிருந்து விடுதலை அறிவித்துக்கொண்ட தென் அமெரிக்க நாட்டின் கொடியைப் பாய்மரத்தில் ஏற்றியிருந்தான். ஸ்பானியர்கள் அவனைக் கடற்கொள்ளைக்காரன் என்றார்கள். அவனோ அரசனுக்கு எதிரான போர்வீரன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டான்.

டிசம்பர் 14ஆம் தேதி காபிஸ்ட்ரானோ கடற்கரையில் நங்கூரம் போட்டான். உணவுப் பொருள் வேண்டும் என்று மிஷனுக்கு ஆள் அனுப்பினான். காவலுக்கு வந்திருந்த சிறு படையின் தலைவன் சாந்தியாகோ ஆர்குவேயோ. வெடிமருந்தும் குண்டும் வேண்டிய மட்டும் தருகிறோம் என்ற பொருளில் பதில் போனது. புஷார் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்களைப் பீரங்கிகளோடு கரையில் இறக்கினான்.

மிஷனின் மக்கள் அந்த இடிபாட்டின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரசன் பெயரால் அவர்களுடைய நிலம் போனது, உழைப்பு போனது, 40 உயிர் போனது. இப்போது அரசனின் எதிரி வருகிறான், விடுதலைக் கொடியோடும் கொள்ளைக்கார ஆட்களோடும்.

அவர்கள் மிஷனின் களஞ்சியத்தைக் காக்க வேண்டுமா, மலைக்கு ஓட வேண்டுமா, அல்லது வருகிறவனுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டுமா?

(அடுத்த வாரம் தொடரும்)